துலாக்கோல் யார் கையில்?

ஆலையிலே தகராறு. கூலி உயர்வு கேட்டு நிற்கிறார்கள் தொழிலாளர்; கொடுப்பதற்கில்லை என்கிறார் முதலாளி. பேச்சு முறிகிறது, விவகாரம் நடுவரிடம் போகிறது. அந்த நடுவர், முதல் நாள் இரவு முதலாளியின் மாளிகையில் விருந்துண்டவர் என்று தெரிய வந்தால், ஆலை வாயிலில் நிற்கும் தோழன் என்ன சொல்வான்? "தீர்ப்பை நேற்றிரவே இலையில் பரிமாறிவிட்டார்கள், அண்ணே!" என்பானா, மாட்டானா?

உலகப் படவிழாக்களில் பரிசு தரும் நடுவர் குழுக்களைப் பற்றி எழுத வந்த நாம், ஆலைத் தகராற்றில் தொடங்குவானேன்? இரண்டும் ஒன்றே என்பதால்தான்! கலைஞரும் விமர்சகருமாகச் சிலர் இருட்டறையில் அமர்ந்து நாள் முழுதும் படம் பார்க்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு வாதாடுகிறார்கள். வெளியே வந்து ஒரு படத்துக்கு முடி சூட்டுகிறார்கள். சீமான்களின் விவகாரம், நமக்கென்ன என்று தோழர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். யாருடைய கண்ணீர் உலகத்தின் கண்ணுக்குப் படும், யாருடைய கதை பெட்டிக்குள்ளேயே மக்கிப்போகும் என்பதில், அந்த அறைக்கும் பங்கு உண்டு.

1938ஆம் ஆண்டு. இத்தாலியில் முசோலினி கொடிகட்டிப் பறந்த காலம். வெனிஸ் நகரத்துப் படவிழாவின் உயர்ந்த பரிசுக்குப் பெயரே முசோலினி கோப்பை! அவ்வாண்டு அந்தக் கோப்பை எங்கே போயிற்று? சிறந்த இத்தாலியப் படமென்று, முசோலினியின் மகன் விட்டோரியோ மேற்பார்வையில் உருவான விமானிக் கதை ஒன்றுக்கு. சிறந்த அயல்நாட்டுப் படமென்று, இட்லரின் ஆட்சிக்குப் புகழ் சேர்த்த லெனி ரீபென்ஸ்டாலின் 'ஒலிம்பியா'வுக்கு. தந்தையின் கோப்பை தனயன் கைக்கு. மிச்சம் தந்தையின் நண்பருக்கு! பார்த்தார்கள் பிரெஞ்சு, பிரிட்டிஷ், அமெரிக்கப் பிரதிநிதிகள். துலாக்கோலின் முள்ளைச் சர்வாதிகாரியின் விரல் பிடித்திருக்கிறது என்று கண்டார்கள். எதிர்ப்புத் தெரிவித்து வெளியேறினார்கள்.

வெளியேறியதோடு நிற்கவில்லை. பிரெஞ்சுப் பிரதிநிதியாகச் சென்றிருந்த பிலிப் எர்லாங்கே, ஊர் திரும்பியதும் சுதந்திரமான விழா ஒன்று வேண்டுமென்றார். கல்வி அமைச்சர் ழான் சே துணை நின்றார். கான் நகரில் 1939 செப்டம்பர் முதல் நாள் விழா என்று நாள் குறித்தார்கள். அதே நாளில் இட்லரின் படை போலந்துக்குள் புகுந்தது! திரைக்கு ஏற்றிய விளக்கு அணைந்தது. அமைச்சராயிருந்த ழான் சேயைச் சிறையில் தள்ளியது விஷி அரசு. 1944 ஜூனில் நாஜிகளுக்கு ஏவல் செய்த கூலிப்படையினர் அவரைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றார்கள். தாம் நாட்டிய கொடி பறப்பதை அவர் காணவில்லை.

1946 செப்டம்பரில் கொடி பறந்தது. பிரெஞ்சுத் தொழிலாளரின் சங்கமான சி.ஜி.டி.க்கும் அவ்விழாவின் நிர்வாகத்தில் தொடக்கக் காலத்திலேயே இடம் கிடைத்தது. அந்த முதல் விழாவில் நடுவர்கள் பெரும்பரிசைப் பதினொரு படங்களுக்குப் பகிர்ந்தளித்தார்கள். பதினொன்றில் ஒன்று, இந்தியப் படம்! சேத்தன் ஆனந்த் எடுத்த 'நீச்சா நகர்'. மேட்டிலே மாளிகையில் வாழும் செல்வன், பள்ளத்திலே குடியிருக்கும் ஏழைகளின் தெரு வழியே சாக்கடையைத் திருப்பிவிடுகிறான், நோய் பரவுகிறது, மக்கள் திரண்டு எழுகிறார்கள். இதுதான் கதை. இந்த நாடு இன்னும் விடுதலை பெறாத நாளில், நம் சேரியின் சாக்கடைநீர் உலக அரங்கில் வழக்குரைத்தது! வெனிசில் சிலர் எழுந்து போகாதிருந்தால், கானில் இந்த மேடை ஏது?

ஆனால், நடுவர் என்றாலே நல்லவர் என்று நாம் சொல்ல வரவில்லை. மேற்கு பெர்லினில், 1970இல், துலாக்கோலைச் சாய்க்கப் பார்த்தது நடுவர் குழுவேதான்!

வியட்நாம் போரில், 1966இல், அமெரிக்கச் சிப்பாய்கள் ஓர் ஏழைப் பெண்ணைக் கடத்திச் சென்று, கெடுத்து, கொன்றார்கள். அக்கொடுமையைப் பவேரியக் காட்டுக்குள் நடப்பதாக அமைத்து 'ஓ.கே.' என்று படமெடுத்தார் மைக்கேல் வெர்ஹோவன். நடுவர் குழுத் தலைவர், ஹாலிவுட் இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ். நாஜிகளின் டாகௌ வதைமுகாமைத் தம் படப்பிடிப்புக் குழுவோடு சென்று உலகுக்குக் காட்டியவர் அவர். அத்தகையவர், தம் நாட்டுச் சிப்பாயின் குற்றம் திரையில் வந்ததும், இது அமெரிக்காவுக்கு எதிரான படம் என்று பொங்கினார்! படத்தைப் போட்டியிலிருந்து அகற்றும் முயற்சி மூடிய கதவுக்குள் நடந்தது. குழுவிலிருந்த யூகோஸ்லாவியக் கலைஞர் துசான் மகாவெயெவ் அதற்கு உடன்படவில்லை. செய்தி வெளியே வந்தது. விழா கொந்தளித்தது. குழு விலகியது. அவ்வாண்டு தங்கக் கரடி யாருக்கும் இல்லை!

பகைவன் செய்த கொடுமையைப் படம் பிடிக்கத் துணிவு போதும். தன் வீட்டுக் குற்றத்தைப் பார்க்க, துணிவோடு நடுவுநிலையும் வேண்டும். வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தது காரணமில்லாமலா?

நம் நாட்டுக்கு வருவோம். 2017இல் கோவாவில் இந்திய அரசின் படவிழா. இந்தியப் படங்களைத் தெரிவு செய்ய நடுவர் குழுவை அமைத்தது அரசு. குழு பார்த்தது, பட்டியல் தந்தது. அந்தப் பட்டியலிலிருந்து 'எஸ். துர்கா' என்ற மலையாளப் படத்தையும் 'நியூட்' என்ற மராத்திப் படத்தையும் ஒன்றிய அரசின் செய்தி ஒலிபரப்பு அமைச்சகம் நீக்கிவிட்டது! நீக்கவே போகிறீர்கள் என்றால் நடுவர் எதற்கு? நாற்காலி எதற்கு? குழுத் தலைவர் சுஜாய் கோஷ் விலகினார். உறுப்பினர் சிலரும் விலகினர். 'எஸ். துர்கா'வைத் திரையிடச் சொல்லிக் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டும், விழா முடியும்வரை அப்படம் அங்கே திரை காணவில்லை.

நாம் கேட்பது பெரிதல்ல. நடுவரை அமர்த்துகிறவர் எவராயினும், தீர்ப்பில் கைவைக்கக் கூடாது. தீர்ப்பு மாற்றப்பட்டால், மாற்றியவர் யார், காரணம் என்ன என்பதை ஊரறியச் சொல்ல வேண்டும். நடுவராக அமரும் கலைஞரும் விமர்சகரும், பட்டு விரித்த இருக்கை, பன்னாட்டுப் பயணம், புகைப்படம் இவற்றை விரும்பலாம். அவற்றுக்காக வாயைப் பூட்டிக்கொள்ளலாகாது.

வேலைநிறுத்தம் செய்த தோழனுக்கு இது விளங்காத செய்தியா? எந்திரத்தை ஓட்டத் தெரிந்த கைக்கே அதை நிறுத்தும் வலிமையும் உண்டு. நடுவர் நாற்காலியும் அப்படித்தான். எழுந்து போகத் தெரிந்தவன் அமர்ந்தால்தான், அந்த நாற்காலிக்கு மதிப்பு!