மேல்மண் காய்ந்தால் போதாது

கொலராடோ மாநிலத்தின் ஃப்ரூட்டாவும் யூட்டா மாநிலத்தின் மோவாபும், மவுண்டன் பைக் பிரியர்கள் வாழ்நாளில் ஒரு தடவையாவது போய்வரத் துடிக்கும் அமெரிக்க ஊர்கள். ஒன்றிலிருந்து மற்றதற்குக் காரில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. இரண்டும் வறண்ட பூமி. சராசரி ஆண்டு மழை 25 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆனால் ஒரே மழை இரண்டு ஊரிலும் பெய்து ஓய்ந்தால், மோவாபின் புகழ்பெற்ற ஸ்லிக்ராக் பாதையில் சில மணி நேரத்திலேயே வண்டி ஓட்டலாம். ஃப்ரூட்டாவுக்கு வடக்கே 18 ரோடு பகுதியில் அன்று காலே வைக்க முடியாது. நல்ல மழையாக இருந்தால் மறுநாளும் சந்தேகம்தான்.

எல்லாம் மண் செய்கிற வேலை. ஸ்லிக்ராக் பாதை கிடப்பது மணற்பாறை மீது. டைனோசர் காலத்து மணல்மேடுகள் இறுகிக் கல்லான இடம் அது. மழைநீர் வழிந்தோடிவிடும், மிச்சத்தை வெயிலும் காற்றும் பார்த்துக்கொள்ளும். 18 ரோடு பாதைகளின் அடியில் இருப்பதோ மான்கோஸ் ஷேல். சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவின் நடுவே கிடந்த கடலின் அடிச்சேறு படிந்து உருவானது. அதில் தண்ணீரைக் குடித்து உப்பும் களிமண் உண்டு. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலை வெயிலில் பாளம் பாளமாக வெடிக்க வைப்பதும், மழையில் காலைப் பிடித்து இழுக்க வைப்பதும் இந்தக் குடும்பத்துக் களிதான்.

ஈரத்தில் அதன் மேல் சைக்கிளை விட்டால் முதல் சில மீட்டர் ஒழுங்காகப் போகும். பிறகு டயரில் ஒரு பூச்சு ஏறும். அந்தப் பூச்சு சரளையைப் பிடிக்கும், சரளை இன்னும் களியைப் பிடிக்கும். சக்கரம் பருத்துப் பருத்து ஃபோர்க்கில் போய் முட்டி நின்றுவிடும். தள்ளவும் முடியாது, தோளில் தூக்கினால் சேற்றின் பாரமும் சேர்ந்து அழுத்தும். பிடிவாதமாகப் பெடலை மிதித்தால் கியர் முறிய வாய்ப்பிருக்கிறது.

மண்ணிலிருந்து தண்ணீர் போவது இரண்டு வழியில். பெரிய துளைகளில் நிற்கும் நீர் தன் எடையாலேயே கீழே இறங்கிவிடும். மணல்பாங்கான மண்ணில் இது சீக்கிரமே முடிந்துவிடுகிறது. களித்துகள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியது. அவற்றின் நுண்ணிய இடுக்குகளில் சிக்கிய நீரைப் பூமியின் ஈர்ப்பால் இழுக்க முடியாது. வெயில், காற்று, செடிகளின் வேர் மூன்றும்தான் எடுக்க வேண்டும். ஆரம்பத்தில் இது வேகமாகவே நடக்கும். மேலே ஆவியாக ஆவியாக, கீழிருந்து ஈரம் ஏறிவந்து இடத்தை நிரப்பும். மேல்மண் காய்ந்ததும் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். காய்ந்த அடுக்கே மூடியாக மாறி உள்ளே இருக்கும் ஈரத்தைக் காக்கும். வெளுத்த மண்ணைப் பார்த்து வண்டியை இறக்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

ஒரே பாதையில்கூட எல்லா இடமும் ஒன்றாகக் காய்வதில்லை. அமெரிக்கா வட கோளத்தில் இருப்பதால் தெற்கு பார்த்த சரிவு முதலில் காயும், வடக்கு பார்த்தது பல நாள் பின்தங்கும். குளிர்காலம் இன்னும் மோசம். விடியலில் பாறைபோல் உறைந்திருக்கும் மண், வெயில் ஏறியதும் மேலே மட்டும் இளகும். அடியில் பனிக்கட்டி இருப்பதால் அந்தத் தண்ணீருக்கு இறங்க வழியே இல்லை. மணல் பாதைகளுக்கு மட்டும் மழை வரம்: காய்ந்திருக்கும்போது சக்கரத்தை விழுங்கும் மணல், ஈரத்தில் கெட்டிப்படும்.

பாதை போட்டவர்களின் கைவண்ணமும் இதில் உண்டு. சர்வதேச மவுண்டன் பைக் சங்கம் 2004-இல் வெளியிட்ட கையேடு, மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் பாதையின் ஏற்றம் இருக்கக் கூடாது என்கிறது. வெளி விளிம்பு ஏறத்தாழ 5 சதவீதம் தாழ்ந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அப்படி அமைந்தால் மழைநீர் பாதையைக் குறுக்கே கடந்து போய்விடும். பாதை நெடுக ஓடாது.

இத்தனை கவனத்தையும் கெடுக்க ஈர மண்ணில் ஓடும் ஒரு சைக்கிள் போதும். அது கிழித்த பள்ளம் காய்ந்து செங்கல்லாகிறது. அடுத்த மழைக்கு அதுவே வாய்க்கால். நீர் பாதை நெடுக ஓடி மண்ணை அரிக்க, விடுமுறை நாளில் மண்வெட்டியோடு வந்து செப்பனிடுகிறவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். சேற்றைத் தவிர்க்க ஓரமாக ஒதுங்கி ஓட்டுவது அதைவிடக் கொடுமை. அந்தப் பாலைவனத்தில் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்த கறுத்த மேலோடு. டயரோ காலோ பட்டு நொறுங்கினால் அது மீண்டும் வளரப் பல ஆண்டுகள், சில இடங்களில் பல பத்தாண்டுகள் ஆகும்.

ஆகவே, மழைக்குப் பின் பாதைக்குப் போனால் முதலில் குனிந்து, மேல்மண்ணை விலக்கி, அடிமண்ணில் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். திரியாகத் திரண்டால் வண்டியை இறக்காதீர்கள். உதிர்ந்தால் ஓட்டுங்கள். பாதி வழியில் உங்கள் டயர் மண்ணைக் கிழிப்பது தெரிந்தால், எவ்வளவு தூரம் வந்திருந்தாலும் அங்கேயே திரும்பிவிடுங்கள்.