மறுமுனையில் நிற்பவர்

கிரிக்கெற் ஆட்டத்திலே ஆறு பந்துகள் ஒரு முனையிலிருந்தும், அடுத்த ஆறு பந்துகள் மற்றை முனையிலிருந்தும் வீசப்படுகின்றன. இதனை அறியாதார் எம் கல்லூரியிற் பயின்றாருள் ஒருவரும் இலர். ஆயினும் ஆட்டம் முடிந்து கணக்கை வாசிக்கும்போது இதனை மறந்துவிடுகின்றோம். இன்னார் ஐந்து விக்கெற், இன்னார் ஒரு விக்கெற் என்று தனித்தனியே புகழும் இகழும் பங்கிட்டுக் கொடுக்கின்றோம். இருவர் சேர்ந்து செய்த தொழிலை ஒருவர் செய்ததாக எழுதிவைக்கும் இந்த வழக்கம் எவ்வளவு சரியானது? இணையாக நின்று எதிரியை அடக்குவோரின் ஆற்றலை எண்களால் அளத்தல் கூடுமா? இவ்வினாக்களையே இக்கட்டுரையில் ஆராயக் கருதினோம்.

எமக்கு இதில் ஒரு சொந்தக் கடனும் உண்டு. மாணவப் பருவத்தில் ஆடத் தெரியாத குறையினால் ஓட்டக் கணக்கு எழுதும் வேலை எம்மிடம் வந்து சேர்ந்தது. மடுல்கெல்லவில் தேயிலைச் சரிவுகளின் நடுவே ஆட்டம் நடக்கும். நான்கு ஓட்டத்துக்கு அடித்த பந்தைத் தேயிலைச் செடிகளுள் தேடுவதற்கு, அடித்த நேரத்தைவிடக் கூடிய நேரம் செல்லும். அப்போது எம் அணியில் இடக்கையாற் பந்து வீசும் மாணவன் ஒருவன் இருந்தான். விக்கெற் அவனுக்குக் கிடைப்பது அரிது. பருவத்தின் நடுவிலே எமது கணக்குப் புத்தகத்தைப் பார்த்தே அவனை அணியிலிருந்து நீக்கினார்கள். கூட்டலிற் பிழையில்லை என்று கையொப்பமிட்டுக் கொடுத்தவர்கள் நாமே. அதன்பின் மறுமுனையில் வீசிய எம் சிறந்த பந்துவீச்சாளனுக்கும் விக்கெற்றுகள் குறைந்தன. அது தற்செயலா, அன்றித் தொடர்புடையதா என்று கேட்கும் அறிவு அன்று எமக்கு இருக்கவில்லை.

இணைகளை அளக்கும் கலையைத் தீர வளர்த்தோர் கிரிக்கெற் ஆடுவோர் அல்லர். பனித்தரையில் ஹொக்கி ஆடுவோர். எம் பழைய மாணவர் பலரின் பிள்ளைகள் இன்று ரொறன்ரோ நகரிலே அவ்வாட்டத்தைப் பார்த்து வளர்கின்றனராதலின், அதனை முற்றும் அந்நியமென்று தள்ளவும் இயலாது. ஓர் அணியில் இலக்குக்காப்பாளர் நீங்கலாக ஐவர் ஒரே வேளையிற் களத்தில் நிற்பர். அவருள் மூவர் முன்னே தாக்குவோர். இருவர் பின்னே காப்போர். காப்போர் இருவரும் இணையாகவே களத்தில் இறங்கி, முக்கால் நிமிடமளவில் இணையாகவே வெளியேறுவர்; அடுத்த இணை உள்ளே வரும். இவ்வாறு மூன்று இணைகள் மாறி மாறி அறுபது நிமிட ஆட்டத்தைத் தாங்குகின்றன.

காப்பவரின் தொழில் நடவாதிருக்கச் செய்தல். நடவாத ஒன்றை எவ்வாறு எண்ணுவது? 1950களில் மொன்றியல் அணியினர் ஒரு வழி கண்டனர். ஒருவர் களத்தில் நிற்கும்போது தம் அணி கோல் போட்டால் ஒன்று கூட்டு, எதிரணி போட்டால் ஒன்று கழி என்பதே அது. எளிய முறை, ஆனால் ஏமாற்றும் முறை. ஓர் அணி ஓர் ஆட்டத்திற் போடும் கோல்கள் மூன்றளவே. ஓர் இணை களத்தில் நிற்கும் நேரத்தில் விழுவது ஒன்றோ இரண்டோ. அவ்வளவு சிறிய எண்ணில் அதிட்டமும் திறமையும் பாலும் நீரும்போற் கலந்துவிடும். பிரித்தெடுக்க அன்னம் வேண்டும்.

பபலோ நகர அணியின் இலக்குக்காப்பாளர்க்குப் பயிற்சியளித்த ஜிம் கோர்சி என்பவர், தம் மாணவரின் உழைப்பை அறியும்பொருட்டு, கோலை நோக்கி அடிக்கப்பட்ட அடிகள் அனைத்தையும் எண்ணினார். கோலானது, தடுக்கப்பட்டது, குறி தவறியது, இடையில் மறிக்கப்பட்டது என்ற வேறுபாடின்றி எல்லாம் கணக்கு. பின்னர் ஆய்வாளர் இக்கணக்கை ஆட்டக்காரர் அனைவர்க்கும் விரித்து அவர் பெயராலேயே வழங்கினர். ஓர் ஆட்டத்திலே ஓரணி இவ்வாறு ஐம்பது அறுபது முறை அடிப்பதால், சில வாரங்களிலேயே நம்பத்தக்க தொகை சேர்ந்துவிடுகின்றது. ஓர் இணை களத்தில் நிற்கையில் இருபக்கமும் அடிக்கப்பட்ட நூறு அடிகளுள் எத்தனை நம்முடையவை என்பதே அளவு. ஐம்பதுக்கு மேல் நின்றால் அவ்விணை ஆட்டத்தை எதிரியின் பக்கத்திலே வைத்திருக்கின்றது எனலாம்.

அடுத்த படியே நுட்பமானது. கந்தன், வேலன் என்ற இருவர் இணையென்று வைத்துக்கொள்வோம். இருவரும் சேர்ந்து நிற்கையில் நூற்றுக்கு ஐம்பத்தைந்து. வேலனின்றிக் கந்தன் வேறொருவரோடு நிற்கையில் ஐம்பத்துநான்கு. கந்தனின்றி வேலன் நிற்கையில் நாற்பத்துநான்கு. இப்போது யார் யாரைச் சுமக்கின்றார் என்பது விளங்கும். 'அவனோடும் அவனின்றியும்' என்று நாம் இம்முறைக்குப் பெயரிடலாம். இதற்கும் எல்லை உண்டு. சிக்காகோ அணிக்கு 2010, 2013, 2015 ஆகிய ஆண்டுகளிற் கிண்ணம் பெற்றுக்கொடுத்த டங்கன் கீத், பிரென்ற் சீபுறூக் போல நெடுங்காலம் சேர்ந்தே ஆடிய இணையிடம் 'அவனின்றி' என்ற பக்கம் மெலிந்துபோகும். அன்றியும் பயிற்றுநர் மெலிந்த இணையை எளிய எதிரிக்கு முன்னும், எதிரணியின் கோலுக்கு அண்மையிலும் இறக்கிக் காப்பாற்றுவார். வலிய இணையைத் தம் கோலின் வாயிலிலே நிறுத்துவார். இதனைக் கழிக்காது எண்ணை மட்டும் படிப்பவர், சுமப்பவனைக் குறைத்தும் சுமக்கப்படுபவனைக் கூட்டியும் மதிக்க நேரும்.

இனி இம்முறையைக் கைக்கொண்டு எம் மலைநாட்டுக்கு வருவோம். கண்டி அஸ்கிரிய மைதானத்திலே 1994 ஓகஸ்ற் மாதம் பாக்கிஸ்தானுக்கு எதிரான ரெஸ்ற் ஆட்டத்தில் இலங்கை 71 ஓட்டங்களுக்குச் சுருண்டது. வக்கார் யூனிஸ் ஆறும் வசீம் அக்ரம் நான்குமாகப் பத்து விக்கெற்றுகளையும் இருவரே பங்கிட்டனர். இணையென்றால் யாது என்பதை எம்மவர் தோல்வியாற் கற்ற நாள் அது. அதே ஆட்டத்திலேதான் சமிந்த வாஸ் முதன்முதலாக இலங்கைக்கு ஆடினார். கண்டியிற் பிறந்து, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியிற் பயின்ற முத்தையா முரளிதரன் அதற்கு ஈராண்டு முன்னரே, 1992இல், அணியிற் புகுந்திருந்தார். இவ்விருவரும் பின்னர் 95 ரெஸ்ற் ஆட்டங்களில் ஒன்றாக ஆடி 895 விக்கெற்றுகளை வீழ்த்தினர். முரளிதரன் 586, வாஸ் 309. அவுஸ்திரேலியாவின் வோர்னும் மக்ராத்தும் 104 ஆட்டங்களில் 1001.

'அவனோடும் அவனின்றியும்' கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம். முரளிதரன் எடுத்தவை மொத்தம் 133 ஆட்டங்களில் 800. வாஸ் இல்லாத 38 ஆட்டங்களுக்கு எஞ்சுவது 214. ஆகவே வாஸோடு ஆட்டத்துக்கு 6.17, வாஸின்றி 5.63. வாஸ் எடுத்தவை 111 ஆட்டங்களில் 355. முரளிதரன் இல்லாத 16 ஆட்டங்களுக்கு எஞ்சுவது 46. முரளிதரனோடு 3.25, அவரின்றி 2.88. ஓர் ஆட்டத்தில் வீழ்த்தக் கிடைப்பவை இருபது விக்கெற்றுகளே. ஆதலின் வல்லவர் ஒருவர் மறுமுனையில் நின்றால் இவர் பங்கு குறையவேண்டும் என்பதே எவரும் எதிர்பார்ப்பது. ஈண்டோ இருவர் பங்கும் கூடியிருக்கின்றது!

இவ்வியப்புக்குறியோடு கட்டுரையை முடித்துவிடலாம். பலர் முடித்தும் விடுகின்றனர். ஆயினும் எண்ணை இன்னும் சற்று உசாவுதல் முறை. வாஸின்றி முரளிதரன் ஆடிய ஆட்டங்கள் எவை? அவற்றுட் பல வாஸ் அணிக்கு வருமுன், முரளிதரன் இளைஞராய்த் தொழில் பழகிய காலத்தவை. வேறு சில வாஸ் 2009இல் ஓய்வுபெற்ற பின்னர், முரளிதரன் தோள் தளர்ந்த காலத்தவை. ஆகவே 6.17க்கும் 5.63க்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் வாஸின் பங்கு எவ்வளவு, வயதின் பங்கு எவ்வளவு என்பதை இவ்வெண்களே சொல்லமாட்டா. வாஸுக்குரிய பதினாறு ஆட்டங்களோ தொகையாற் சிறியவை. ஒரு நல்ல ஆட்டம் கூடினாலும் குறைந்தாலும் சராசரி ஆடிப்போகும்.

எதிரி யார், களம் எது என்பனவும் கழிக்கப்படவேண்டியவை. முரளிதரனின் 800இல் 176 சிம்பாப்வே, வங்காளதேசம் ஆகிய இரு நாட்டவருடையவை. 493 இலங்கை மண்ணில் எடுத்தவை. அஸ்கிரியவில் மாத்திரம் 16 ஆட்டங்களில் 117. இவற்றைக் கூறி அவரைக் குறைக்க முனைவோர் உளர். அவரோடு நாம் உடன்படோம். சொந்த மண்ணில் வல்லவராதல் குற்றமன்று. ஆனால் இரு இணைகளை ஒப்பிடும்போது இருவர்க்கும் ஒரே தராசைப் பிடிக்கவேண்டும் என்பது மட்டும் உண்மை.

எல்லாவற்றிலும் பெரிய குறை வேறொன்று. ஒரே ஆட்டத்தில் ஆடுதல் வேறு. ஒரே வேளையில் இரு முனையிலும் வீசுதல் வேறு. வாஸ் புதுப்பந்தோடு தொடங்குவார். முரளிதரன் பந்து தேய்ந்தபின் நெடுநேரம் வீசுவார். 95 ஆட்டங்கள் என்னும் கணக்கு அவர்கள் எதிரெதிர் முனைகளில் நின்ற நேரத்தைக் கூறுவதேயன்று. பனித்தரை ஆட்டத்தில் ஓர் இணை சேர்ந்து நின்ற நேரத்தை நொடிக்கணக்கில் அறிவர். கிரிக்கெற்றிலும் பந்துக்குப் பந்து பதிவுசெய்யும் வழக்கம் இன்று வந்துவிட்டமையால், இருவர் மாறி மாறி வீசிய ஓவர்களை மட்டும் பிரித்தெடுத்தல் இயலும். அவ்வாறு பிரித்து, அவ்வோவர்களிற் சென்ற ஓட்டங்களையும் வீழ்ந்த விக்கெற்றுகளையும் யார் பெயருக்கென்று பாராது ஒன்றாகக் கூட்டினால், அதுவே இணையின் உண்மையான அளவு.

இதன் இன்றியமையாமையை 1956 யூலை மாதம் மன்செஸ்ரரில் நடந்த ஆட்டம் நன்கு காட்டும். இங்கிலாந்தின் ஜிம் லேக்கர் அவுஸ்திரேலியரின் இருபது விக்கெற்றுகளுள் பத்தொன்பதை வீழ்த்தினார். உலகம் அறிந்த செய்தி. மறுமுனையில் ரொனி லொக் வீசியவை 69 ஓவர்கள். லேக்கர் வீசியவற்றைவிட ஓர் ஓவர் அதிகம். அவருக்குக் கிடைத்தது ஒன்றே. தனிக் கணக்கில் லொக் தோற்றவர். ஆனால் அவ்வறுபத்தொன்பது ஓவர்களில் அவர் கொடுத்தவை 106 ஓட்டங்கள். 33 ஓவர்களில் ஓட்டமே இல்லை. அம்முனையில் ஓட்டம் எடுக்கமுடியாத துடுப்பாளர் இம்முனையில் வந்து துணிந்தனர் என்பது எம் ஊகம். லேக்கரின் கைத்திறனை இஃது ஒரு சிறிதும் குறைக்காது. இணையாகக் கூட்டினால் 137 ஓவர்கள், 196 ஓட்டங்கள், 20 விக்கெற்றுகள்.

அஸ்கிரியவிலும் இதனையொத்த ஒரு காலைப்பொழுது உண்டு. 2002 சனவரியில் சிம்பாப்வேக்கு எதிராக முரளிதரன் முதல்நாளே ஒன்பது விக்கெற்றுகளை எடுத்துவிட்டார். மறுநாட் காலை பத்தாவதும் அவருக்கே ஆகவேண்டுமென்று மைதானம் முழுவதும் வேண்டிநின்றது. அவர் பந்தில் எழுந்த ஒரு பிடி கைநழுவிற்று. பின்னர் மறுமுனையில் வாஸ் வீசிய பந்து ஒல்ங்காவின் துடுப்பில் உரசிச் சங்கக்காரவின் கையிற் புகுந்தது. முரளிதரனுக்கு 51 ஓட்டங்களுக்கு ஒன்பது, வாஸுக்கு ஒன்று. 1999இல் டில்லியிலே கும்ப்ளேயின் பத்தாவது விக்கெற்றுக்காகச் சிறீநாத் இலக்கைவிட்டு அகலமாக வீசியதை நினைப்போர் வாஸைக் குறைகூறலாம். எமக்கோ அவர்மேற் குறையில்லை. பந்துவீச்சாளன் வீசுவது விக்கெற்றுக்காகவே.

எம் பழைய கணக்குப் புத்தகத்தை அண்மையில் மீண்டும் விரித்தோம். அந்த இடக்கை மாணவன் ஒரு முனையில் வீசிய ஓவர்களையும், அவன் நீக்கப்பட்டபின் அம்முனையில் மற்றவர் வீசிய ஓவர்களையும் இரு தாள்களிற் பிரித்தெழுதினோம். அவன் நின்ற தாளில் ஓட்டமற்ற ஓவர்கள் மிகுதி. மறுமுனையில் விக்கெற்றும் மிகுதி. ஆனால் இரு தாளும் சேர்ந்தாலும் ஆட்டங்கள் பத்தைத் தாண்டா. எதிரணிகளும் ஒன்றல்ல. மழையில் நனைந்த மைதானத்தில் ஆடியவை மூன்று. இத்தொகையைக்கொண்டு அவனை நீக்கியது பிழையென்று தீர்ப்பெழுத எம்மால் இயலாது. சரியென்று அன்று எழுதியதும் இதே அளவு அத்திவாரமின்றியே.

இன்று கணக்கெழுதும் மாணவர்க்கு ஒரு சிறு வேலை சொல்வோம். பந்துவீச்சுப் பக்கத்தில் ஒவ்வோர் ஓவருக்கும் எதிரே, முந்திய ஓவரை மறுமுனையில் வீசியவரின் பெயரின் முதலெழுத்தை ஒரு சிறு கட்டத்திற் குறித்துவருக. ஓர் ஓவருக்கு ஓர் எழுத்து; பென்சில் போதும். ஒரு பருவத்துக்கு அது பயன்படாது. நான்கைந்து பருவம் சேர்ந்தபின் அப்புத்தகங்களை ஒன்றாக வைத்துக் கூட்டுக.