மஞ்சள் குளிசையும் நாரி வலியும்

வயோதிபரைத் தூக்கிக் குளிப்பாட்டுவது, மாடிப்படி கழுவுவது என்று பலெர்மோவில் ஓடித்திரியும் நம்மவர்களுக்கு நாரி வலியும் முழங்கால் குடைச்சலும் புதிதல்ல. டொக்டரிடம் போனால் அன்றைய சம்பளம் போய்விடும். எர்போரிஸ்தெரியா என்னும் மூலிகைக் கடையில் ஒரு போத்தல் மஞ்சள் குளிசை வாங்கிப் போடுவது சுலபம். மஞ்சள்தானே, என்ன செய்யப்போகுது?

2019இல் இத்தாலியில் அதே மஞ்சள் குளிசையை எடுத்த இருபது பேரளவில் ஈரல் அழற்சியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சுகாதார அமைச்சு குளிசைகளைப் பரிசோதித்தபோது, நோய்க்குக் காரணமாகச் சொல்லக்கூடிய கலப்படம் எதுவும் அகப்படவில்லை. சிலருடைய உடல்வாகுதான் காரணமாக இருக்கலாம் என்று முடிவாயிற்று. ஈரல், பித்தக் கோளாறோ பித்தக்கல்லோ உள்ளவர்கள் எடுக்கக்கூடாது என்ற எச்சரிக்கை அந்த ஜூலையிலேயே லேபிளில் கட்டாயமானது.

கறி மஞ்சளைப் பற்றிய பயம் வேண்டாம். அதில் குர்க்குமின் என்னும் வேதிப்பொருள் சில வீதம்தான். அதிலும் பெரும்பகுதி உடலில் சேராமலே போய்விடும். குளிசையில் இருப்பதோ செறிவாக்கிய சாறு. போதாததற்கு மிளகின் பிப்பெரினையும் சேர்க்கிறார்கள். 2 கிராம் குர்க்குமினோடு 20 மில்லிகிராம் பிப்பெரின் கொடுத்தால் உடல் ஏற்கும் அளவு ஏறத்தாழ இருபது மடங்காகிறது என்று 1998இல் பெங்களூரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அம்மாவின் ரசத்திலும் இவை இரண்டும் உண்டுதான், ஆனால் இந்தக் கணக்கில் இல்லை.

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 'இன்டெக்ராத்தோரே அலிமென்தாரே' என்றிருந்தால் சட்டப்படி அது உணவு வகை. வலியைக் குறைக்கும் என்று யாரும் நிரூபிக்கத் தேவையில்லை. மருந்து என்றால் 'ஏ.ஐ.சி.' எண் இருக்கும். அதிலும் பாரம்பரிய மூலிகை மருந்துக்கு, பலனுக்குச் சான்றாக ஐரோப்பாவில் 15 ஆண்டுகள் உட்பட 30 ஆண்டுப் பாவனையைக் காட்டினாலே போதும். முழங்கால் தேய்மானத்துக்குக் குர்க்குமின் ஓரளவு உதவுவதாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு. பெரும்பாலும் சிறியவை, சில வாரங்களோடு முடிந்தவை.

ஊரிலிருந்து வரும் லேபிளில்லாத சூரணம் வேறு கதை. 2004இல் பொஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதச் சரக்குகளில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. காலையில் போட்டு மாலையிலேயே வலி பறக்கிறதென்றால் ஸ்டீரொயிட் கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். மாதக்கணக்காக எடுத்திருந்தால் சட்டென நிறுத்தாமல் டொக்டரிடம் கேளுங்கள். குமாதின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்கள் மஞ்சள் குளிசையையும் டொக்டரிடம் சொல்லாமல் தொடவே கூடாது.

சிறுநீர் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போனால், கண் மஞ்சளித்தால், உடம்பு அரித்தால், குளிசையை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசா இல்லை என்று தயங்க வேண்டாம். 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி அவசர, அத்தியாவசியச் சிகிச்சை உங்கள் உரிமை. விசா இல்லாததற்காக ஆஸ்பத்திரி பொலிசுக்கு அறிவிக்கக் கூடாது. விசா இல்லாதவர்கள் சிகிச்சை பெறுவதற்கான எஸ்.டி.பி. என்னும் குறியீட்டு எண்ணைக் கேளுங்கள்; ஆறு மாதம் செல்லும், புதுப்பிக்கலாம். மூலிகைப் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் 'விஜிஎர்பே' இணையத்தளத்தில் நீங்களே முறையிடலாம். பெட்டியையும் மிச்சக் குளிசைகளையும் எறிந்துவிடாதீர்கள். தொகுதி எண் அதில்தான் இருக்கிறது.