தங்கமீனின் வெண்புள்ளி நோய்

அண்மையில் ஓர் அங்கத்தினர் இல்லத்தில், தங்கமீனின் செவுள் மூடியில் வெண்புள்ளிகள் கண்டு அதனை உப்புநீரில் விட்டிருந்தனர். நாம் உற்று நோக்கினோம். நோயன்று, இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீனுக்குத் தோன்றும் பருக்களே அவை!

நோய்ப் புள்ளிகளோ உப்புத் தூளைத் தூவினாற்போல் உடலிலும் துடுப்புகளிலும் பரவும். மீன் தொட்டியின் சுவரில் உராயும். அதற்கு லிட்டருக்கு 2 அல்லது 3 கிராம் கல்லுப்பை, இரண்டு நாட்களில் சிறிது சிறிதாகக் கரைத்துச் சேர்க்கலாம்.

புள்ளி மறைந்தவுடன் சிகிச்சையை நிறுத்துவதே பெரும்பிழை. கிருமி மடியவில்லை, மீனை விட்டிறங்கித் தொட்டியின் அடியில் கூடு கட்டி, பல நூறாகப் பெருகி வெளிவரும். அவ்வாறு நீந்தும் பருவத்தில்தான் மருந்து அதனைக் கொல்லும். ஆதலின் புள்ளி மறைந்த பின்னும் 10 நாட்களேனும் தொடர்க. இடையில் நீர் மாற்றினால், புது நீரின் அளவுக்கு மட்டும் உப்பிடுக.