மேடை விற்பனைக்கு இல்லை, வடை உங்கட உபயம்!

கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கமாக ஒரு பனர் அடிக்கும் கடை. இரவு எட்டரை தாண்டிவிட்டது. உள்ளே இயந்திரம் கர்ரென்று யாருடையதோ பூப்புனித நீராட்டு விழாப் படத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அடுத்தது எங்கள் முறை. கணினித் திரையைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது! 'கொழும்பு' என்று இருக்கவேண்டிய இடத்தில், ககரத்துக்கு முன்னால் நிற்கவேண்டிய கொம்பு பின்னால் ஓடிப்போய்க் காலோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நடுவில் ஒரு புள்ளி வட்டம் வேறு. சிங்கள வரியும் அதே கோலம். ஆங்கிலம் மட்டும் ஒன்றும் நடக்காததுபோலச் சிரிக்கிறது.

"தம்பி, இத பாமினில அடிச்சுக் குடுங்க. ரெண்டு நிமிசத்துல முடிச்சிரலாம்" என்கிறார் கடைக்கார அண்ணன்.

அவர் சொன்னதில் பிழையே இல்லை. இலங்கையின் தமிழ் அச்சுக்கூடங்களைப் பல வருடங்களாகச் சுமப்பது பாமினிதான். ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் எழுத்து வடிவங்களை உட்காரவைத்த பழைய எழுத்துரு அது. ஆனால் என்னோடு வந்திருக்கும் குழு நடத்தப்போவது கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களின் ஒன்றுகூடல். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுக் குறியேற்றமான யுனிகோடுக்காக உயிரை விடுகிற கூட்டம்! அந்த மேடையின் பின்னால் பாமினியா? ஏற்பாட்டுக் குழுவில் இருந்த பெடியனின் முகத்தைப் பார்க்கவேண்டுமே.

அப்போதுதான் குழுவில் ஒரு பிள்ளை மடிகணினியை எடுத்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளைத் திறந்து, எழுத்துகள் எல்லாவற்றையும் வெறும் கோட்டுருவமாக மாற்றி, பிடிஎஃப் ஆக்கிப் பென்டிரைவில் நீட்டினாள். கடைக் கணினியில் திறந்தால் கொம்பு கொம்பாக, கால் காலாக, அச்சொட்டாக நிற்கிறது. கடைக்கார அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"இது என்ன சொஃப்ட்வெயர்? எவ்வளவு?"

"சும்மா அண்ணா. காசில்லை."

"சும்மான்னா, களவுக் கொப்பியா?"

"இல்லண்ணா, உண்மையாவே சும்மா!"

பிள்ளை அவருடைய கணினியிலேயே அதைத் தரவிறக்கி நிறுவியும் கொடுத்துவிட்டாள். அண்ணன் சற்று யோசித்தார். "சரி, பிளெக்ஸ் காச மட்டும் தாங்க. அடிக்கிற கூலி வேணாம். மூலைல நம்ம கடைப் பேரப் போட்டுருங்க." கூட்டத்துக்கு ஓர் அனுசரணையாளர் கிடைத்துவிட்டார், என் கண் முன்னால்! கைதட்டாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இலாப நோக்கில்லாத மென்பொருள் மாநாடுகளுக்கு யார் காசு கொடுக்கிறார்கள், ஏன் கொடுக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கத்தான் இந்தக் குழுவோடு ஒட்டிக்கொண்டேன். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு பனரில் வரிசையாக நிற்கும் லோகோக்கள் மட்டுமே தெரியும். உள்ளே நடப்பது ஏறக்குறைய நம்முடைய கோயில் திருவிழா. முதலாம் திருவிழா இன்னாருடையது, ஐந்தாம் திருவிழா இன்ன ஊராருடையது என்று உபயகாரர்கள் பொறுப்பெடுப்பார்கள். சாமி எந்த வீதியால் போகும், எப்போது திரும்பும் என்பதில் மட்டும் அவர்கள் வாயே திறக்க முடியாது. டியூப்லைட்டில் உபயகாரரின் பெயரைப் பெரிதாக எழுதி வெளிச்சத்தையே மறைக்கிற ஆட்களும் உண்டு. மாநாட்டு பனர்களிலும் அந்த வருத்தம் இருக்கிறது, அதை விடுவோம்.

சாமி போகும் வீதி என்றால் இங்கே பேச்சு மேடை. இணையத்தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளைச் சுற்றி நடக்கும் வேர்ட்காம்ப் கூட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கி ஊர் ஊராகப் பரவி, 2017இல் கொழும்புக்கும் வந்தது. அதில் அனுசரணையாளர் எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் பேச்சு நேரம் வாங்க முடியாது. பேச்சாளருக்குச் சம்பளம் இல்லை, ஏற்பாட்டாளருக்கும் இல்லை. நுழைவுச்சீட்டு விலையை வேண்டுமென்றே குறைவாக வைக்கிறார்கள், மிச்சச் செலவைத்தான் அனுசரணைப் பணம் தாங்குகிறது. ஏதும் மிஞ்சினால் பொதுக் கணக்குக்குத் திரும்பி வேறோர் ஊரின் கூட்டத்துக்கு உதவும். இன்னொரு நிபந்தனைதான் எனக்கு மிகவும் பிடித்தது: வேர்ட்பிரஸுக்காக நீட்சிகளும் வார்ப்புருக்களும் செய்து விநியோகிக்கிற கொம்பனியாக இருந்தால் அவையும் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் இருக்கவேண்டும். காசோலையோடு குணமும் வேண்டும் என்கிறார்கள்!

போதாக்குறைக்கு வாப்பூ என்றொரு மஞ்சள் குட்டிப் பிராணி இருக்கிறது. 2011இல் ஜப்பானில் பிறந்த வேர்ட்பிரஸ் செல்லம். அதன் படமும் ஜிபிஎல் உரிமத்தில் இருப்பதால் ஒவ்வோர் ஊர்க்காரரும் தங்கள் தொப்பியையும் உடுப்பையும் போட்டு ஒரு வாப்பூ வரைந்து ஸ்டிக்கர் அடிக்கிறார்கள். வளர்ந்த மனிதர்கள் அந்த ஸ்டிக்கருக்காக வரிசையில் முண்டியடிப்பார்கள். எனக்கும் ஒன்று வேண்டும், யாராவது வைத்திருந்தால் தயவுசெய்து.

டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தைச் செய்கிறவர்களின் ஆண்டு மாநாடு 2023 செப்டெம்பரில் நமக்குப் பக்கத்தில், கொச்சியில் நடந்தது. பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று அவர்களும் அனுசரணையைத் தரம் பிரிக்கிறார்கள். அந்தக் காசில் ஒரு பகுதி பயணச் செலவுக்கு வழியில்லாத பங்களிப்பாளர்களை அழைத்துவரப் போகிறது. பிரசெல்ஸில் குளிருக்குள் நடக்கும் ஃபொஸ்டெம் என்ற கட்டற்ற மென்பொருள் மாநாட்டில் நுழைவுச்சீட்டும் இல்லை, பதிவும் இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகவேண்டியதுதான்.

நம்முடைய ஊரும் இந்த விசயத்தில் இளைத்ததில்லை. 2004 மார்கழிச் சுனாமி அடித்த கையோடு, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிய இங்குள்ள மென்பொருளாளர்கள் எழுதியதுதான் 'சஹானா'. 2003இல் தொடங்கிய லங்கா சொஃப்ட்வெயர் ஃபவுண்டேசன் அதற்குத் தோள் கொடுத்தது. பின்னர் மற்ற நாடுகளின் பேரிடர்களுக்கும் சஹானா போய் உழைத்தது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுச் சமூகப்பயன் விருதும் அதற்கே. வெள்ளவத்தைக்கும் பங்கு உண்டு: 2005இலிருந்து தன்னார்வலர்களின் உழைப்பிலும் நன்கொடையிலும் ஈழத்துத் தமிழ் நூல்களை இணையத்தில் சும்மா வாசிக்கத் தருகிற நூலகம் திட்டத்தார், 2013இல் தமிழ் ஆவண மாநாட்டைக் கூட்டியது உருத்திரா மாவத்தையில் இருக்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில்தான்.

சரி, இந்தக் குழுவின் சமையலறைக்கு வருவோம்!

முதல் சண்டை திகதிக்கு. போயா நாளில் வைத்தால் எல்லோருக்கும் விடுமுறை, ஆனால் இறைச்சிக்கடை பூட்டு. உயர்தரப் பரீட்சைக் காலத்தில் மண்டபமும் பிள்ளைகளும் கிடைக்கமாட்டார்கள். ஆடிவேல் நாளில் காலி வீதியில் கால் வைக்க முடியாது. எஞ்சியிருக்கும் சனிக்கிழமைகளுக்கு ஊரில் பாதிப்பேர் கலியாணம் வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது சாப்பாடு. பட்ஜெட் தாளைப் பார்த்தபோது, மென்பொருள் மாநாடா சமையல் மாநாடா என்று எனக்கே மயக்கம். சைவம், மீன், ஹலால் கோழி என்று மூன்று வகைப் பார்சல். சைவம் பதிந்தவர்கள் கோழியின் வாசத்தில் கட்சி மாறுவார்கள் என்பது அனுபவப்பட்டவர்களின் கணக்கு, ஆகவே கோழி எப்போதும் கொஞ்சம் கூட. காலைத் தேநீருக்கு வடையா றோல்ஸா என்று வட்ஸ்அப்பில் வாக்கெடுப்பே நடந்தது. வடை வென்றது. வடைக்கு உபயகாரர் ஒரு பல் வைத்தியர்!

ரீசேர்ட்டில் மட்டும் நாங்கள் ராசாக்கள். ஆடை தைத்து உலகத்துக்கு அனுப்புகிற நாடு என்பதால் நல்ல துணிக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் அளவில்தான். எல்லோரும் மீடியம் என்று பதிவார்கள், அன்றைக்கு வந்து லார்ஜ் கேட்பார்கள். 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபதையும் தாண்டி ஏறியபோது எல்லாக் கணக்கும் தலைகீழானது. அன்றிலிருந்து இந்தக் குழுவினர் விலைப்புள்ளி வாங்கினால் அன்றைக்கே முற்பணம் கட்டிவிடுகிறார்கள்.

அனுசரணை கேட்டுப் போகிற படலம்தான் எனக்குப் பெரிய விருந்து. காலி வீதியில் ஒரு சாறிக்கடை. பெடியன் மடிகணினியில் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று அட்டவணை காட்டுகிறான். முதலாளி அதைப் பார்க்கவே இல்லை.

"தம்பி, தங்கம் எண்டால் நான் மேடையில ஒரு பத்து நிமிசம் பேசலாமோ?"

"ஏலாது அண்ணை. பேச்சு எல்லாம் தெரிவுக் குழு பார்த்துத்தான்."

"அப்ப வெள்ளிக்கு?"

"வெள்ளிக்கும் ஏலாது."

"எதுக்குமே ஏலாதெண்டால், என்னத்துக்கடாப்பா நான் காசு தர?"

என் வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி. பெடியன் அசரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் பதிந்திருக்கிற மாணவர்களின் பட்டியலை எடுத்தான். பஸ் காசு இல்லாததால் வருவது சந்தேகம் என்று எழுதியிருந்த பெயர்களைக் காட்டினான். முதலாளி விரலை வைத்து ஒவ்வொரு பெயராக, ஊர் ஊராக வாசித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. "இது எங்கட ஊர்ப் பெடியன் போல கிடக்கு."

பிறகு நடந்தது மின்னல் வேகம். இரவில் வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் புறப்படுகிற பஸ்களின் உரிமையாளர் ஒருவர் அவருக்குச் சிநேகிதர். கடைத் தொலைபேசியிலேயே எடுத்தார். போக வர இருக்கைகள், கழிவு விலையில், பேசி முடிந்தது. ஹட்டன் பிள்ளைகளின் ரயில் காசைக் கல்லாவிலிருந்து எண்ணிக் கொடுத்தார். இந்தத் தொழிலில் பிளாட்டினமோ தங்கமோ அல்ல, பஸ் காசு கொடுக்கிறவர்தான் என் பார்வையில் முதல் வரிசை. பனரில் அவர் பெயர் எந்த அளவில் வரவேண்டும் என்று கேட்டதற்கு, "வடைக்காரனை விடக் கொஞ்சம் பெரிசா" என்று மட்டும் சொன்னார்.

வாசல் வரை வந்தவர், குரலைத் தாழ்த்திக் கடைசியாக ஒரு பேரம் பேசினார்.

"தம்பி, என்ர மகள் ஏஎல் எடுத்துப்போட்டு இருக்கிறா. கம்பியூட்டர்ப் பைத்தியம். இவ்வளவு செய்யிறன், அவவை மட்டும் உள்ளுக்க விடுவியளோ?"

"அதுக்கு நீங்கள் ஒண்டும் தரத் தேவையில்லை அண்ணை. பதிஞ்சாச் சரி."

பதிவுப் பட்டியலைத் தட்டிப் பார்த்தான். பிள்ளை ஏற்கனவே பதிந்திருந்தாள். சைவச் சாப்பாடு, மீடியம் ரீசேர்ட், அதோடு தன்னார்வலராக வரிசை பார்க்கவும் தயார் என்று ஒரு குறிப்பு!