உண்மை சொன்னால் நம்புவார் யார்? 2019 ஆம் ஆண்டின் மூன்று தொலைக்காட்சி நாடகங்கள்

மேல்நாட்டுத் தொலைக்காட்சி நிலையங்கள் ஓராண்டில் வெளியிடும் நாடகத் தொடர்களை எண்ணித் தொலையாது. அவற்றுட் பெரும்பாலானவை பொழுதைப் போக்கிவிட்டு மறுநாளே நினைவினின்று நீங்கிவிடுகின்றன. ஆண்டுகள் பல கழிந்த பின்னரும் பார்த்தவர் உள்ளத்தில் தங்கி நிற்பவை மிகச் சிலவே. அத்தகைய தொடர்கள் மூன்றினை ஒருங்கே அளித்த ஆண்டு 2019.

அவ்வாண்டு மே மாதத்தில் உலகத்தார் பலரும் பேசியது, 2011 இல் தொடங்கி எட்டுப் பருவங்கள் நடந்து முடிந்த 'கேம் ஒஃப் துரோன்ஸ்' என்னும் கற்பனைத் தொடரைப் பற்றியே. அரியாசனத்தில் அமரப்போவது யார் என்ற அந்த ஆரவாரத்தின் நடுவே, அதே எச்.பி.ஓ. நிலையத்தில், அதே மாதத்தில், ஐந்தே பகுதிகளைக் கொண்ட நாடகமொன்று அமைதியாகத் தொடங்கியது. அதுவே 'செர்னோபில்'. எமது மூன்றனுள் முதலாவது அது.

அளவுகருவி காட்டாத ஆபத்து

1986 ஏப்ரல் 26 ஆம் திகதி, பின்னிரவு 1 மணி 23 நிமிடமளவில், அன்றைய சோவியத் நாட்டின் உக்ரேன் பகுதியிலிருந்த செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காம் உலை வெடித்தது. அவ்விபத்தையும் அதனை மறைக்க முயன்றோரையும் மறைக்க மறுத்தோரையும் பற்றியதே இக்கதை. எழுதியவர் கிரெய்க் மேசின். நெறிப்படுத்தியவர் யோகான் ரெங்க். விசாரணைக் குழுவிற் பணியாற்றிய இரசாயன விஞ்ஞானி வலேரி லெகாசொவாக ஜாரெட் ஹாரிஸ் நடித்துள்ளார்.

முதற் பகுதியில் வரும் ஒரு செய்தி மறக்கற்பாலதன்று. கதிர்வீச்சு எவ்வளவு என்று மேலதிகாரிகள் வினவ, 3.6 ரொண்ட்ஜன் என்ற விடை வருகிறது. பெரிய ஆபத்தில்லை என்று அவர்கள் ஆறுதலடைகின்றனர். உண்மை யாதெனில், கையிலிருந்த சிறு கருவி அதற்கு மேல் ஓர் அளவையும் காட்ட இயலாதது. கருவியின் எல்லையை ஆபத்தின் எல்லையாக அவர்கள் கொண்டனர். பிரிப்பியாற் நகரில் வாழ்ந்த ஏறத்தாழ 49,000 மக்கள் ஒன்றரை நாள் கழிந்த பின்னரே அப்புறப்படுத்தப்பட்டனர்.

விஞ்ஞானம் பயிலும் மாணாக்கர் இறுதிப் பகுதியைத் தவறாது பார்த்தல் வேண்டும். உலையின் வேகம் கூடுவதையும் குறைவதையும் சிவப்பு, நீல அட்டைகளைக் கொண்டு லெகாசொவ் விளக்குமிடம் ஆசிரியர்க்கும் நல்ல பாடமாகும். வேகத்தை அடக்கவேண்டிய கட்டுப்பாட்டுக் கோல்களின் நுனிப்பகுதி கிராபைட்டினால் ஆனது. அவசரத்தில் எல்லாக் கோல்களையும் ஒருங்கே இறக்கியபோது, அந்நுனிகள் முதற்கண் வேகத்தை அடக்காது பெருக்கின. நிறுத்தும் பொத்தானே நெருப்பைத் தூண்டிற்று. இக்குறைபாடு முன்னரே சிலர்க்குத் தெரிந்திருந்தும் உலையை இயக்கியோர்க்கு உரைக்கப்படவில்லை.

எனினும், நாடகம் வரலாறு அன்று. 1987 இல் நடந்த வழக்கு விசாரணையில் லெகாசொவ் தோன்றவேயில்லை. எமிலி வாற்சன் நடித்த உலானா கோமியுக் என்னும் பெண் விஞ்ஞானி, பல விஞ்ஞானிகளின் பணியை ஒருவரிடத்தே திரட்டிக் காட்டப் படைக்கப்பட்ட பாத்திரம். இதனைத் தொடரே தன் முடிவில் ஒப்புக்கொள்கின்றது. பொய்யின் தீங்கைச் சொல்லும் நாடகம் தன் கற்பனையைத் தானே வெளிப்படுத்துதல் பாராட்டுதற்குரியது. 2019 இல் இது பத்து எமி விருதுகளைப் பெற்றது.

ஐந்து சிறுவர்

இரண்டாவது, ஏவா டுவேர்னே நெறிப்படுத்திய 'வென் தே சீ அஸ்'. நான்கு பகுதிகளைக் கொண்ட இத்தொடரை நெட்பிளிக்ஸ் நிறுவனம் வெளியிட்டது. 1989 ஏப்ரலில், நியூயோர்க் நகரின் சென்ட்ரல் பார்க் பூங்காவில் பெண்ணொருவர் கொடூரமாகத் தாக்கப்பட்டார். 14 முதல் 16 வயதுவரையான கறுப்பின, லத்தீன் அமெரிக்க மரபைச் சேர்ந்த சிறுவர் ஐவரைப் பொலிசார் பிடித்தனர். பல மணி நேரம் உறக்கமின்றி விசாரிக்கப்பட்ட அவர்கள், சொன்னால் வீட்டுக்குப் போகலாம் என நம்பி, செய்யாத குற்றத்தைத் தம்மீதும் ஒருவர் மீதொருவரும் சுமத்தினர்.

அவர்களுள் கோரி வைஸ் என்பவரின் கதை கல்லையும் கரைக்கும். பொலிசார் தேடிய பட்டியலில் அவர் பெயர் இருக்கவில்லை. தோழன் தனியே செல்கிறானே என்று உடன் சென்றவர் அவர். 16 வயதானமையால் வளர்ந்தோர்க்குரிய சிறைகளில் ஏறத்தாழ 13 ஆண்டுகள் கழித்தார். ஏனைய நால்வரின் இளமைக்கும் முதுமைக்கும் வெவ்வேறு நடிகர் தோன்ற, கோரியின் இரு பருவங்களையும் ஜாரெல் ஜெரோம் ஒருவரே நடித்து எமி விருது பெற்றார்.

2002 இல் உண்மைக் குற்றவாளி தானே முன்வந்து ஒப்புக்கொண்டான். மரபணுச் சோதனையும் அதனை உறுதிப்படுத்தியது. தீர்ப்புகள் நீக்கப்பட்டன. 2014 இல் நியூயோர்க் நகரம் ஐவர்க்கும் 4 கோடியே 10 இலட்சம் டொலர் வழங்க உடன்பட்டது. ஐவருள் ஒருவரான யூசுப் சலாம் 2023 இல் அந்நகரச் சபைக்கே உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்டார். மறுபுறம், தம்மைத் தவறாகச் சித்திரித்ததாக முன்னாள் அரச வழக்கறிஞர் ஒருவர் 2020 இல் தொடுத்த வழக்கு, 2024 இல் இணக்கமாக முடிந்தது. நெட்பிளிக்ஸ் 10 இலட்சம் டொலரை, குற்றமற்றவர்களை மீட்கும் அமைப்பொன்றுக்கு அளித்தது. உயிரோடிருப்போரைப் பற்றி நாடகம் எழுதுவோர் எத்துணை விழிப்புடன் இருத்தல் வேண்டும் என்பதற்கு இது சான்று.

நம்பப்படாத பெண்

மூன்றாவது, 2019 செப்டெம்பரில் வெளிவந்த 'அன்பிலீவபிள்'. நம்புதற்கரியது என்பது அதன் பொருள். எட்டுப் பகுதிகள். பிறர் வீடுகளில் வளர்ந்த 18 வயதுப் பெண்ணொருத்தி, தன் அறைக்குள் நுழைந்த அந்நியன் தனக்கிழைத்த பாலியற் கொடுமையைப் பொலிசாரிடம் முறையிடுகிறாள். அவள் சொன்னவற்றிற் சிறு முரண்களைக் கண்ட அவர்கள் அவளை ஐயுறுகின்றனர். நெருக்குதல் தாளாது அவள் தன் சொல்லை மீளப் பெறுகிறாள். முடிவில் பொய் முறைப்பாடு செய்த குற்றம் அவள்மீதே சாட்டப்படுகிறது. 2008 இல் வாஷிங்டன் மாநிலத்தில் உண்மையாகவே இது நடந்தது. மூன்றாண்டுகளின் பின், கொலராடோ மாநிலத்துப் பெண் துப்பறிவாளர் இருவர் வெவ்வேறு ஊர்களின் முறைப்பாடுகளை ஒப்பிட்டு ஆராய்ந்து குற்றவாளியைப் பிடித்தனர். அவனிடமிருந்த படங்களில் இப்பெண்ணின் படமும் இருந்தது. இவ்வழக்கை ஆராய்ந்து எழுதிய பத்திரிகையாளர்க்கு 2016 இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

கெய்ட்லின் டெவர், டோனி கொலெட், மெரிட் வெவர் ஆகியோரின் நடிப்பு மிகையற்றது. துப்பறியும் பெண்களுள் ஒருவர் பாதிக்கப்பட்டவரிடம் முதன்முதலில் உரையாடும் காட்சியைக் கவனியுங்கள். அவர் அவசரப்படுவதில்லை, ஒவ்வொரு கேள்விக்கு முன்னும் அனுமதி கேட்கிறார். ஐயுற்றோர் அறியத் தவறியதை, பொறுமையாகக் கேட்டவர் அறிந்துகொண்டார்.

குடும்பத்தோடு பார்ப்போர்க்கு

இம்மூன்றும் சிறுவர்க்குரியவை அல்ல. 'செர்னோபில்' உயர்வகுப்பு மாணாக்கர் பெற்றோருடன் இருந்து பார்க்கத் தக்கது; நோயாளர் துன்புறும் காட்சிகள் சில கடுமையானவை. ஏனைய இரண்டையும் பெற்றோர் முதலிற் பார்த்த பின், வளர்ந்த பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஒரே இரவில் எல்லாவற்றையும் பார்த்து முடிக்காது, பகுதிக்குப் பகுதி நிறுத்திப் பேசுதல் நன்று.

நாடும் காலமும் வேறாயினும், மூன்று கதைகளிலும் தவறு நேர்ந்த இடம் ஒன்றே. உலை வெடிக்கவில்லை என்று அதிகாரிகள் முன்பே முடிவு செய்திருந்தனர். சிறுவரே குற்றவாளிகள் என்று விசாரித்தோர் முன்பே முடிவு செய்திருந்தனர். பெண் பொய் சொல்கிறாள் என்று காவலர் முன்பே முடிவு செய்திருந்தனர். முடிவை முன்னரே கையில் வைத்திருப்பவன், 3.6 க்கு மேற் காட்டாத அந்தக் கருவியைப் போன்றவன். எத்துணைப் பெரிய உண்மை எதிரே நின்றாலும் அவன் முள் அசையாது. வீட்டில் ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி ஏதேனும் சொல்ல வரும் வேளையில் இது நினைவுக்கு வருமாயின், இத்தொடர்களைப் பார்த்த நேரம் வீண்போகவில்லை எனலாம்.