பழைய பாடநூல்வழி நிரலாக்கம் பயிலுதல்: பைத்தான் மொழியும் தமிழ் எழுத்தெண்ணிக்கையும்

முன்னுரை

சொல்லடைவு உருவாக்கல், சொற்பயில்வை எண்ணுதல், யாப்பமைதியைச் சரிபார்த்தல் முதலிய ஆய்வுப் பணிகளுக்குப் பைத்தான் நிரல்மொழி பெரிதும் பயன்படுகிறது. இம்மொழியைத் தாமே கற்க முற்படும் தமிழாய்வாளர் பலர் கைக்குக் கிடைக்கும் நூலைக்கொண்டே தொடங்குகின்றனர். அந்நூல் காலத்தால் முந்தியதாயின் தோன்றும் பிழைகள் எத்தகையன, அவற்றுள் ஆய்வு முடிவைச் சிதைப்பன எவை என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு பதிப்புகளின் உடனிருப்பு

பைத்தான் 2 என்னும் பதிப்புவரிசை 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. அதனோடு முழுமையாக இயைந்துபோகாத பைத்தான் 3, 2008 டிசம்பரில் வெளியிடப்பட்டது. பழைய வரிசைக்கான பராமரிப்பு 2020 ஜனவரி 1 அன்றுதான் நிறுத்தப்பட்டது. ஆகவே, பதினொரு ஆண்டுகளுக்கு மேலாக இரண்டும் ஒருங்கே வழங்கின. இக்காலத்தில் எழுந்த நூல்கள் பல பழைய வரிசையைத் தழுவியவை. மொழியியலாளரிடையே பெரிதும் பயிலப்பட்ட, ஸ்டீவன் பேர்ட், யூவன் க்ளைன், எட்வர்டு லோப்பர் ஆகிய மூவரின் ‘நேச்சுரல் லாங்குவேஜ் பிராசசிங் வித் பைத்தான்’ என்னும் நூலின் 2009ஆம் ஆண்டு அச்சுப் பதிப்பும் இவ்வகையினதே. அதன் இணையவடிவம் பின்னர்ப் புதிய வரிசைக்கேற்பத் திருத்தப்பட்டது. நூலகங்களில் உள்ள அச்சுப்படி திருந்துவதில்லை.

பழைய நூலைக் கையில் வைத்திருப்பவர்முன் இரு வழிகள் உள்ளன. ஒன்று, நூலின் நிரல்களைப் புதிய பதிப்பில் இயக்குதல். மற்றொன்று, நூலுக்கு ஏற்ற பழைய பதிப்பையே நிறுவிக்கொள்ளுதல். இவ்விரண்டும் வெவ்வேறு வகைப் பிழைகளுக்கு இடமளிக்கின்றன.

வெளிப்படும் பிழைகள்

பழைய நிரலைப் புதிய பதிப்பில் இயக்கும்போது பெரும்பாலான முரண்பாடுகள் உடனே தெரிந்துவிடும். பழைய வரிசையில் ‘பிரிண்ட்’ என்பது தனித்த கட்டளை; புதியதில் அது அடைப்புக்குறி வேண்டும் செயற்கூறு. அடைப்புக்குறியின்றி எழுதினால் நிரல் இயங்காது நின்று, பிழைச்செய்தி தோன்றும். பயனரிடம் உள்ளீடு பெறும் ‘ரா இன்புட்’ புதிய வரிசையில் இல்லாமையால் அதுவும் அவ்வாறே தடைபடும். இவை தொடக்கநிலையினரைச் சோர்வடையச் செய்யினும் ஆய்வுக்குத் தீங்கு விளைப்பன அல்ல. நின்றுபோன நிரல் எந்த முடிவையும் தருவதில்லை.

மறைந்திருக்கும் பிழைகள்

இரண்டாம் வழியில், நிரல் தடையின்றி இயங்கி விடையும் தரும். ஆனால் அவ்விடை பிழையாக இருக்கக்கூடும். வகுத்தல் இதற்குத் தக்க சான்று. பழைய வரிசையில் ஒரு முழுவெண்ணை மற்றொரு முழுவெண்ணால் வகுத்தால் பின்னப்பகுதி நீக்கப்படும். 1000 சொற்கள் கொண்ட ஒரு பனுவலில் 3100 எழுத்துகளும், அதே அளவினதான மற்றொன்றில் 3900 எழுத்துகளும் உள்ளன எனக் கொள்வோம். சொல்லின் சராசரி நீளம் முறையே 3.1, 3.9 ஆகும். பழைய வரிசையோ இரண்டிற்கும் 3 என்றே விடை தரும். ஆய்வாளர் தேடிய வேறுபாடு எவ்வித அறிவிப்புமின்றி மறைந்துபோகும். மேற்குறித்த நூல், பின்னத்துடன் வகுக்கச் செய்யும் ஒரு வரியை முற்பட எழுதுமாறு கூறுகிறது. அவ்வரியின் காரணத்தை அறியாதவர் தம் நிரலில் அதனை எளிதில் விட்டுவிடுவர்.

எழுத்தெண்ணிக்கையில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தை ‘லென்’ என்னும் செயற்கூற்றால் அறிய முற்பட்டால், பழைய வரிசையின் இயல்பான சரம் 15 என்று காட்டும். அது யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் அச்சொல் கொள்ளும் பைட்டுகளின் எண்ணிக்கை. புதிய வரிசை 5 என்று காட்டும்; அது த, ம, இகரக்குறி, ழ, புள்ளி ஆகிய ஒருங்குறிக் குறியெண்களின் எண்ணிக்கை. தமிழ் இலக்கண மரபிலோ அச்சொல் மூன்றெழுத்துடையது.

புதிய நூலின் எல்லை

எனவே, புதிய பதிப்புக்கு மாறுவது மட்டுமே தீர்வாகாது. ‘கேள்வி’ மூன்றெழுத்துச் சொல். ‘மரகதம்’ ஐந்தெழுத்துச் சொல். புதிய வரிசை இரண்டிற்கும் 6 என்றே விடை தருகிறது. ஆதலின், கிடைத்த எண்ணை ஒரு நிலையான எண்ணால் வகுத்துச் சரிசெய்யவும் இயலாது. ஒற்று நீக்கி அடிக்கு 16 அல்லது 17 எழுத்துகள் பெறவேண்டிய கட்டளைக் கலித்துறையை இவ்வெண்ணிக்கையால் சோதித்தால், பிழையற்ற பாடலும் யாப்பு வழுவுடையதாகத் தோன்றும்.

சொற்பிரிப்பிலும் இந்நிலை உண்டு. சொல்லைக் குறிக்கப் பாடநூல்கள் பரிந்துரைக்கும் ‘டபிள்யூ’ என்னும் தேடற்குறி, பைத்தான் 3இன் இயல்பான தேடல் தொகுப்பில் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் சொல்லின் உறுப்பாகக் கொள்வதில்லை. இதனால் ‘தமிழ்’ என்பது ‘தம’, ‘ழ’ என இரு துண்டுகளாகும். ஆங்கிலச் சான்றுகளை மட்டும் தரும் நூலில் இக்குறை வெளிப்பட வாய்ப்பில்லை.

எழுத்துகளை எண்ணும்போது உயிர், ஆய்தம், அகரமேறிய மெய் ஆகிய அடிப்படைக் குறிகளை மட்டும் கணக்கிட்டு, சார்புக் குறிகளையும் புள்ளியையும் விடுத்தால் மரபுவழி எண்ணிக்கை கிடைக்கும். ஆய்தம் பயிலாத அடியில், அதிலிருந்து புள்ளிகளின் எண்ணிக்கையைக் கழித்தால் ஒற்று நீங்கிய எண்ணிக்கை பெறப்படும். இவ்விதியை நிரலாக எழுதத் தேவையான மடக்கும் நிபந்தனையும் பழைய நூலிலும் பிழையின்றியே விளக்கப்பட்டிருக்கும்.

முடிவுரை

பழைய நிரலாக்க நூல் முற்றும் தள்ளத்தக்கதன்று. மடக்கு, நிபந்தனை, பட்டியல் முதலிய அடிப்படைக் கருத்துகள் அதில் நிலைபேறுடையன. வகுத்தல், சரம், குறியேற்றம் ஆகியவை பதிப்புக்கேற்ப மாறுபடுவன. அவற்றைக் கற்கும்போது மட்டும் நூலின் ஆண்டையும் அது தழுவிய வரிசையையும் அறிதல் வேண்டும். சுவடியின் பாடத்தை ஏற்குமுன் பிற படிகளோடு ஒப்புநோக்கும் பதிப்பாசிரியரின் பழக்கம் இங்கும் பொருந்தும். கையால் எண்ணி விடை கண்ட சில சொற்களையும் ஓர் அடியையும் நிரலுக்கு முதலில் அளித்து, இரு விடைகளும் ஒத்த பின்னரே பெரும்பனுவலுக்குச் செல்லுதல் நெறியாகும். பிழைச்செய்தி காட்டும் நிரலைவிட, பிழையின்றி இயங்குவதாகத் தோன்றும் நிரலே மிகுதியும் ஐயுறத்தக்கது என்பது இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிபாகும்.